கத்திரி வெயில், திடீர் மழை, கரண்ட் கட்: சென்னைக் கோடையில் குட்டிகளோடு பொழுதை ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் மதியம் 1 மணிக்கு எங்கள் குளியலறைக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் கொட்டும். மொட்டை மாடி டேங்க் காலையிலிருந்து காய்ந்த காய்ச்சல் அப்படி. நாங்கள் இருப்பது நங்கநல்லூரில் மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். வீட்டில் இரண்டரை வயதில் ஒருத்தி, எட்டு மாதத்தில் ஒருவன், அப்புறம் அத்தை. அவர் இல்லாமல் இதில் பாதிகூட நடக்காது.

ஆரம்பத்தில் நானும் ஒரு நோட்டில் நாற்பது விளையாட்டுகளை எழுதி வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. விளையாட்டுகள் எல்லாம் நல்லவைதான், நேரம்தான் தப்பு. காலை 9 மணிக்குச் சிரிக்கச் சிரிக்க ஓடிய அதே தண்ணீர் விளையாட்டு, மாலை 4 மணிக்கு இருவரும் சேர்ந்து அழுவதில் முடிந்தது. அதனால் இங்கே வெயிலையும் காற்றையும் பார்த்து நாளைப் பிரிப்பதுதான் முதலில், எந்த விளையாட்டு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

1. காலையில் கொடிக்கயிற்றைப் பாருங்கள்

சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. கடல்காற்று சீக்கிரம் உள்ளே வந்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம், வரவில்லையென்றால் ஊரே அடுப்பு. தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் மதியத்தை ஒட்டிக் கடலிலிருந்து தரைக்குக் காற்று திரும்பும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருக்கிற நாட்களில் இந்தக் கடல்காற்றுக்கு வழி கிடைக்காது, 3 மணி, 4 மணிவரை தள்ளிப்போகும், சில நாள் வரவே வராது. 40 டிகிரியைத் தாண்டுவது அந்த மாதிரி நாட்களில்தான். 2003 மே மாதக் கடைசியில் இந்த ஊர் 45 டிகிரியைத் தொட்டது, நினைவிருப்பவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

எனக்கு அளவுகோல் பால்கனிக் கொடிதான். 11 மணிக்குத் துணிகள் கிழக்கிலிருந்து மேற்காக ஆடினால் மாலைக்குத் திட்டம் போடலாம். மேற்கிலிருந்து கிழக்காக வறட்டுக் காற்று அடித்தால் அன்று மாலை வெளியே போகிற பேச்சு கிடையாது, 6 மணிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துணி ஆடவே இல்லையென்றால் புழுக்கம், அது இன்னொரு வகைக் கொடுமை. வெயில் குறைவாகத் தெரிந்தாலும் வியர்வை காயாது, குழந்தைகள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள்.

வானிலைச் செயலியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் பாருங்கள். ஆனால் செயலி காட்டுவது ஊருக்கான எண், உங்கள் வீட்டு மூன்றாவது மாடிக்கான எண் இல்லை.

2. ஒரு நாளை இப்படிப் பிரியுங்கள்

விடிவதிலிருந்து 7.30வரை வெளியே. 8.30இலிருந்து 10.30வரை வீட்டுக்குள் தண்ணீர், கலர், மாவு, எல்லாக் கூத்தும். 11இலிருந்து 4வரை திரைச்சீலையை இழுத்துவிட்டு, தரையில் பாய் விரித்து, குரலைத் தாழ்த்தி இருக்கும் நேரம். 5.15க்கு மேல் காற்றைப் பொறுத்து மறுபடி வெளியே. மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரிக்கு இந்தக் கணக்கு கறாராகப் பொருந்தும். ஜூனில் மாலை மழை வந்தால் கொஞ்சம் தளர்த்தலாம்.

இதில் குழந்தையின் தூக்கம் எங்கே விழுகிறது என்பதை நீங்கள்தான் பொருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் சின்னவன் காலை 9 மணிக்கு ஒரு குட்டித் தூக்கம் போடுவான், அப்போதுதான் பெரியவளுக்குத் தண்ணீர். இருவரையும் ஒரே டப்பில் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய விஷயம் போதும். காலையில் பூங்கா போனால் மாலையில் மொட்டை மாடி. மாலையில் கடற்கரை என்றால் காலையில் வீட்டு வாசல். ஒரே விளையாட்டைப் பதினைந்து நாள் தொடர்ந்து கொடுத்தாலும் அவர்களுக்கு அலுக்காது, அலுப்பெல்லாம் நமக்குத்தான்.

3. விடியற்காலை வெளியே

மே மாதம் சென்னையில் சூரியன் 5.45க்கெல்லாம் எழுந்துவிடும். 6 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பல் தேய்ப்பது, குளிப்பது எல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம், முகத்தைத் துடைத்துவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

பூங்கா என்றால் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காவே போதும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாகேஸ்வரராவ் பூங்கா, தி.நகரில் பனகல் பூங்கா, அண்ணா நகரில் டவர் பூங்கா. நிழல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள், சறுக்குமரம் எத்தனை என்பதை அப்புறம் பார்க்கலாம். பல பூங்காக்களை நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள், அதனால் 10 மணிக்கு நிதானமாகக் கிளம்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.

சறுக்குமரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு பூங்காவில், மாலை 4.30 மணி, வெயில் இறங்கிவிட்டது என்று நினைத்துப் பெரியவளை இரும்புச் சறுக்குமரத்தில் உட்கார வைத்தேன். ஒரு நொடிதான். தொடையின் பின்பக்கம் சிவந்து, இரண்டு நாள் உட்காரும்போதெல்லாம் அழுதாள். அன்றிலிருந்து எதில் ஏற்றுவதற்கு முன்பும் என் புறங்கையை வைத்து ஐந்து எண்ணுகிறேன். எனக்குச் சுட்டால் அவளுக்குக் கட்டாயம் சுடும். பிளாஸ்டிக் சறுக்குமரமும் சுடும், நடைபாதைக் கல்லும் சுடும், ஸ்கூட்டி சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடற்கரைக்கு மாலையை விடக் காலைதான் எனக்குப் பிடிக்கும். பெசன்ட் நகர் எலியட்ஸ், இல்லையென்றால் கொஞ்சம் அமைதியான திருவான்மியூர். காலை மணல் குளிர்ந்திருக்கும், நண்டு வளைகள் புதிதாக இருக்கும், பெரியவள் ஒவ்வொரு வளையாகக் குனிந்து பார்த்து "நண்டு, வா!" என்று கூப்பிடுவாள், அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். ஈர மணலில் கால் நனைவதோடு சரி. இங்கே அலை இழுக்கும், அதனால் நீங்கள் கடலுக்கும் குழந்தைக்கும் நடுவில் நில்லுங்கள், கை பிடியில் இருக்கட்டும், செல்போன் பையில் இருக்கட்டும். கண்ணாடித் துண்டு, நாய் அசிங்கம் இரண்டுக்காகவும் செருப்பு கட்டாயம். சின்னவனைப் பழைய பெட்ஷீட்டை நான்காக மடித்து அதில் உட்கார வைப்போம், அவன் ஒரு கைப்பிடி மணலை வாயில் போடுவான், துடைத்துவிடுவோம்.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஒரு பருத்தித் தொப்பி, ஒரு மாற்றுடை, டயாப்பர் இரண்டு, ஈரத் துணி ஒன்று டப்பாவில், ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வீட்டுத் தண்ணீர், பெரியவளுக்கு வாழைப்பழம் அல்லது இட்லி. அவ்வளவுதான். பொம்மை வேண்டாம், அங்கே இருக்கும் குச்சியும் இலையும் போதும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு சன்ஸ்கிரீன் தடவ வேண்டாம், நிழலும் முழுக்கைச் சட்டையும்தான் சரி. ஸ்ட்ரோலரில் வெயில் படாமல் இருக்கத் துப்பட்டாவைப் போர்த்தி மூடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே காற்று அடைத்துச் சூடு ஏறிக்கொண்டே போகும். நிறுத்திய காரில் "ஒரே நிமிஷம்" என்று குழந்தையை விட்டுப் போவதும் அப்படித்தான், ஒரு நிமிஷம்கூடக் கூடாது.

4. தண்ணீர் விளையாட்டு

கோடையின் ராஜா இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். காற்றடித்து நிரப்பும் நீச்சல்குளம் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். அதை நிரப்ப எத்தனை பக்கெட் என்று யோசிக்கவே இல்லை. மொட்டை மாடியில் வைத்து நிரப்பியதில் டேங்கில் கால்வாசி போய், கீழ்வீட்டு அக்கா குழாயில் காற்று மட்டும் வர, அவர் படியேறி வந்து, "ஏம்மா, 2019 எல்லாம் மறந்துபோச்சா?" என்று கேட்டார். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, தெருத்தெருவாகக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது, அவர் கேட்டது நியாயம்தான். மூன்றாம் முறை நிரப்புவதற்குள் அந்தக் குளமும் ஓட்டையாகிவிட்டது.

இப்போது எங்கள் முறை: ஒரு அன்னக்கூடை, அரை பக்கெட் தண்ணீர், அவ்வளவே. முடிந்ததும் அந்தத் தண்ணீர் செடிக்கோ வீடு துடைக்கவோ போகும். தண்ணீரைக் காலையிலேயே பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள், 10 மணிக்கு மேல் மேல்டேங்க் தண்ணீரை நம்ப முடியாது. குளிப்பாட்டும்போதும் இதே எச்சரிக்கை. குழாயைத் திறந்து நேராகக் குழந்தையைக் காட்டாதீர்கள், முழங்கையை வைத்துப் பாருங்கள்.

உட்காரத் தொடங்கிய குழந்தைக்கு ஒரு பெரிய தாம்பாளத்தில் விரல்கடை அளவு தண்ணீர் போதும். கையால் அடிக்கும், தெறிக்கும், அதிர்ச்சியாகும், மறுபடி அடிக்கும். அதில் இரண்டு செம்பருத்தியும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் போட்டுவிட்டால் இருபது நிமிடம் உங்கள் காப்பி ஆறாமல் குடிக்கலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். எழுந்து போய் அல்ல. இதில் நான் மிகவும் கறார். இரண்டு அங்குலத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். காலிங் பெல் அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறங்கள். விளையாட்டு முடிந்ததும் டப், பக்கெட் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் டெங்கு கொசுவுக்கும் அது தொட்டில்தான்.

ஒன்றரை வயதுக்கு மேல் போனால் வேலை கொடுங்கள். எங்கள் வீட்டின் பெரிய வெற்றி, சுவருக்கு "பெயின்ட்" அடிப்பது. ஒரு பழைய பெயின்ட் பிரஷ், ஒரு மக் தண்ணீர், பால்கனிச் சுவர். அடித்த இடம் கறுக்கும், வெயிலில் காய்ந்து மறையும், திரும்ப அடிக்கலாம். முடிவே இல்லாத வேலை. இரண்டாவது, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் தண்ணீரை ஸ்பாஞ்சால் உறிஞ்சிப் பிழிவது. மூன்றாவது, அவளுடைய பொம்மைகளின் துணியைத் துவைத்துக் கொடியில் கிளிப் போடுவது. கிளிப்பை அழுத்துவது அந்தச் சின்ன விரல்களுக்குப் பெரிய உடற்பயிற்சி.

ஐஸ் கட்டி விளையாட்டும் நன்றாக எடுபடும், ஆனால் ட்ரேயில் வரும் சின்னக் கட்டிகள் வேண்டாம், வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கும். முந்தின இரவு ஒரு பெரிய டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு ரோஜாவோ மா இலையோ போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் செங்கல் மாதிரி ஒரு கட்டி வரும், அது கரைந்து பூ வெளியே வரும்வரை காத்திருப்பார்கள். கரைந்து கரைந்து சிறிதானதும் எடுத்துவிடுங்கள்.

கலர் வேண்டுமென்றால் பீட்ரூட் தண்ணீர், மஞ்சள் தண்ணீர். இரண்டும் கறை, ஆகவே டயாப்பரோடு மட்டும் விடுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்திச் சிவப்பு வரவழைக்கலாமே என்று அத்தை ஆசைப்பட்டார். அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அது குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

5. நடுப்பகல்

இதுதான் கஷ்டமான பகுதி. ஐந்து மணி நேரம். வெளியே போக முடியாது, ஏசியை முழுநேரமும் ஓட்டினால் கரண்ட் பில் கண்ணைக் கட்டும். நாங்கள் மதியத் தூக்கத்துக்கு மட்டும் 26இல் வைக்கிறோம், காற்று நேராக முகத்தில் அடிக்காமல். மற்ற நேரம் ஃபேனும் கோரைப்பாயும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி மாட்டித் தண்ணீர் தெளித்தால் வறண்ட நாளில் நன்றாகக் குளிரும். புழுக்கமான நாளில் அது இன்னும் ஈரத்தைச் சேர்க்கும், பிரயோஜனமில்லை.

மூன்று நான்கு மாதக் குழந்தைக்கு என்ன பெரிய விளையாட்டு? பிறந்த புதிதில் அவர்களுக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும், அதுவும் கறுப்பு வெள்ளை என்றால் விடாமல் பார்ப்பார்கள். நான் கறுப்புச் சார்ட்டில் வெள்ளைச் சாக்பீஸால் புள்ளிக் கோலம் போட்டுச் சின்னவனின் பாய்க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். சிக்குக் கோலத்தைக் கண்கொட்டாமல் பார்த்தான். விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவிடுவதும் இந்த நேரத்தில்தான், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று பிரித்துப் பிரித்து. தவழாத குழந்தைக்கு நாள் முழுதும் சேர்த்து அரை மணி நேரமாவது அப்படி இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தரை குளிர்ச்சியாக இருப்பதால் கோடையில் அழாமல் இருக்கிறான், உண்மையாகவே.

அப்புறம் அத்தையின் பங்கு. உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கை வழியாக நண்டை ஏறவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிற அந்த விளையாட்டு எட்டு மாதத்துக்கும் பிடிக்கிறது, இரண்டரைக்கும் பிடிக்கிறது. காசு இல்லை, சாமான் இல்லை, வியர்க்காது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தும் காத்திருக்கிற அந்த முகத்தைப் பார்க்கவே நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

சமையலறைச் சாமான் கூடை ஒன்று தயார் செய்யுங்கள்: மத்து, மரக் கரண்டி, கொட்டாங்குச்சி (நார் போகத் தேய்த்தது), பனையோலை விசிறி, டபரா, மூடி, ஒரு சுரைக்காய். உட்காரும் குழந்தைக்கு இதை முன்னால் வைத்துவிட்டு வேறு எதுவும் சொல்லாதீர்கள். பெரியவளுக்கு நிஜ வேலை: கொத்தமல்லித் தழை கிள்ளுவது, முருங்கைக்கீரை உருவுவது, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை, வெண்டைக்காய்க் காம்பை மாவில் அழுத்தி அச்சு எடுப்பது. பாதிக் கீரை தரையில் கிடக்கும். கிடக்கட்டும்.

திரை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது அதே 2019 பரிந்துரை. பெரியவளுக்கு மதியம் 3 மணிக்கு இருபது நிமிடம் உண்டு, அப்போது எனக்கும் இருபது நிமிடம் கண்ணை மூட வேண்டும். இதற்காக யாரும் குற்ற உணர்ச்சியில் வேக வேண்டாம், வேக ஏற்கனவே வெயில் இருக்கிறது.

6. வாய்க்கு என்ன

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், கத்திரியிலும்கூடத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் 100க்கு 88 பங்கு தண்ணீர்தான், அடிக்கடி கொடுத்தால் போதும், நீங்கள் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். "நாக்கு வறளுதும்மா, ஒரு சங்கு தண்ணி குடேன்" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். சிரித்துவிட்டுப் பால் கொடுங்கள். பவுடர் பால் என்றால் டப்பாவில் சொன்ன அளவுதான், வெயில் என்று தண்ணீரைக் கூட்டக் கூடாது.

ஆறு மாதம் தாண்டினால் சாப்பாட்டோடு மிடறு மிடறாகத் தண்ணீர். நுங்கு கொடுக்கலாம், ஆனால் முழுசாக இல்லை, வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கிவிடும். தோலை எடுத்து மசித்துக் கொடுங்கள். தர்பூசணியில் விதையை எடுத்துவிட்டு நசுக்கிக் கொடுங்கள். திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். ரோட்டோரம் வெட்டி வைத்த பழம் நமக்கே சந்தேகம்தான்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் இருக்க வேண்டும். உறையில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கும், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டருக்கு முழுசாகக் கரைக்க வேண்டும், பாதியாகப் பிரித்துக் கண்ணளவில் கலக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. டெட்ரா பாக்கெட்டில் பழச்சுவையோடு விற்கப்பட்ட சில பானங்கள் பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். என்று இருந்தன, உள்ளே சர்க்கரைதான் அதிகம். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது விளையாட்டை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்? ஆறு மணி நேரமாக டயாப்பர் நனையவில்லை, அழுகிறது ஆனால் கண்ணீர் இல்லை, வாய் வறண்டிருக்கிறது, உச்சிக்குழி உள்ளே வாங்கியிருக்கிறது, எழுப்பினால் துவண்டு விழுகிறது, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். துவண்டுபோய்க் கொதிக்கும் குழந்தையின் துணியைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் "சூட்டுக் காய்ச்சல்தான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், அன்றே காட்ட வேண்டும்.

வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்டாதீர்கள், அது மூச்சில் போகும், வியர்வையோடு மடிப்பில் அடைத்துக்கொள்ளும். இரண்டு வேளைக் குளியல், தளர்வான பருத்திச் சட்டை, டயாப்பர் இல்லாமல் கொஞ்ச நேரம். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த ஜபலாவை மிஞ்ச எதுவும் இல்லை.

7. ஏசி தேடிப் போகும் நாட்கள்

தொடர்ந்து நான்கு நாள் மேல்காற்று அடித்தால் வீட்டில் எல்லாருக்கும் மூளை சூடாகிவிடும். அப்போது எங்கள் முதல் தேர்வு மெட்ரோ. எங்கும் போக வேண்டியதில்லை, போவதே விளையாட்டு. நங்கநல்லூர் சாலை நிலையத்தில் ஏறி, ஆலந்தூர், கிண்டி எல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டே போனால், சின்னமலை தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும். பெரியவள் அந்த நொடிக்காகவே வருகிறாள், ஜன்னல் இருட்டானதும் "ராத்திரி ஆயிடுச்சு!" என்பாள். திரும்பும்போது மறுபடி பகல். உள்ளே சாப்பிடக் கூடாது, ஆகவே வயிற்றை நிரப்பிவிட்டு ஏறுங்கள். காலை, மாலை அலுவலகக் கூட்டத்தைத் தவிர்த்து 11 மணி வாக்கில் போனால் உட்கார இடம் கிடைக்கும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, நடுவில் செயற்கை மரம் ஒன்று, படப் புத்தகங்கள் நிறைய. நடக்கிற வயதுக்கு அருமை. தவழும் குழந்தையோடு போனால் புத்தகத்தைக் கடிக்கும், உங்கள் பொறுப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் விலங்கியல் பகுதியின் எலும்புக்கூடுகள் பெரியவளுக்கு ஒரு வாரப் பேச்சு. வெள்ளிக்கிழமை விடுமுறை, உள்ளே நடையும் படிகளும் அதிகம், ஸ்ட்ரோலரை விடக் கங்காரு பை நல்லது. கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, மற்ற நாள் திறந்த உடனே போய் 10.30க்குள் திரும்பிவிடுங்கள். வண்டலூர் 602 ஹெக்டேர், மே மாதத்தில் கைக்குழந்தையோடு அதைச் சுற்ற நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள், டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மால் விளையாட்டுக் கூடங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்றில் பெரியவளுக்குக் கட்டணம், கூடப் போகும் எனக்குக் கட்டணம், இரண்டு பேருக்கும் அவர்களே விற்கும் சாக்ஸ், உள்ளே போனால் காது கிழியும் பாட்டு. பத்தாவது நிமிடம் "வீட்டுக்குப் போலாம்" என்றாள். ஆனால் அதே மாலின் லிஃப்டில் ஏறி இறங்குவதற்குக் காசில்லை, அதில் அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தாள்.

8. கடல்காற்று வந்த மாலை

5.15க்கு மேல் மொட்டை மாடி. தரையில் அரை பக்கெட் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் குழந்தைகளை ஏற்றுவோம். எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் நன்றாகத் தெரியும். சின்னவன் சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்பிப் பழகியதே இதில்தான். உங்கள் வீட்டிலிருந்து விமானம் தெரியாவிட்டால் மின்சார ரயில், அதுவும் இல்லையென்றால் காக்கை. காக்கைக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு எட்டி நின்று பார்ப்பது இரண்டரை வயதுக்குப் பெரிய நாடகம். அந்தக் கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசுதான் காரணம்.

சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டுக் குதிப்பது, நிழலை மிதிக்கத் துரத்துவது, காற்றில் ஒரு பழைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, எல்லாம் இங்கே. கைப்பிடிச் சுவரின் பக்கத்தில் நாற்காலியோ தொட்டியோ ஏறுவதற்கு வசதியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் நகர்த்திவிட்டுத்தான் மற்றது.

9. திடீர் மழை

மே மாதத்தில் வங்கக் கடலில் ஏதாவது சுழன்றாலும் சரி, ஜூன் மாலையில் மேற்கே மேகம் திரண்டாலும் சரி, இருபது நிமிடத்தில் வானம் கறுத்துவிடும். இடி கேட்டால் மொட்டை மாடியிலிருந்து உடனே கீழே. மின்னல் நின்று அரை மணி நேரம்வரை மேலே போக வேண்டாம். அதுவரை ஜன்னலுக்குள்ளிருந்து வேடிக்கை. எவர்சில்வர் தட்டு, பிளாஸ்டிக் டப்பா, மண்சட்டி மூன்றையும் பால்கனி ஓரத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் சொட்டு விழும் சத்தத்தைக் கேளுங்கள். இது பெரியவளே கண்டுபிடித்தது, பால்கனியில் மறந்துபோன டிபன் தட்டால்.

காகிதக் கப்பல் விட ஆசை வரும். தெருத் தண்ணீரில் வேண்டாம். நம் ஊரில் மழைத்தண்ணீரோடு சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்துதான் ஓடும், பக்கத்தில் மின்வாரியப் பெட்டிகள் வேறு. அன்னக்கூடையில் மழைத்தண்ணீர் பிடித்து வீட்டுக்குள் கப்பல் விடலாம். மழை விட்டதும் மாடியில் தேங்கிய சுத்தமான தண்ணீரில் சளக் சளக் என்று நடக்கவிடுங்கள், பாசி இல்லாத இடமாகப் பார்த்து. நனைந்தால் சளி பிடிக்கும் என்று அத்தை கவலைப்படுவார். நான் தலையைத் துவட்டி உடை மாற்றி, சூடாக ஒரு வாய் ரசம் சாதம் கொடுத்துவிடுவேன், இருவருக்கும் சமாதானம். மறுநாள் தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய் ஓடு எல்லாவற்றிலும் தண்ணீரைக் கொட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

10. கரண்ட் போன இரவு

மழை வந்தால் கூடவே இது வரும், மழை வராத புழுக்க இரவிலும் வரும். டார்ச், பனையோலை விசிறி, பாய், தண்ணீர் பாட்டில் நான்கும் கதவுப் பக்கம் ஒரே இடத்தில் இருக்கட்டும். மெழுகுவர்த்தி வேண்டாம், தவழும் கைக்கு எட்டும். பத்து நிமிடத்தில் வராவிட்டால் நாங்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம், வானம் தெளிவாக இருந்தால்.

டார்ச்சைச் சுவரில் அடித்து விரலால் மான், நாய், பறவை. சின்னவன் நிழலைப் பிடிக்கப் போவான். பெரியவளுக்கு அத்தை விசிறிக்கொண்டே கதை சொல்வார், ஒவ்வொரு முறையும் நரிக்கு வேறு வேறு முடிவு. கால்களை நீட்டிக் குழந்தையை அதில் படுக்கவைத்து மெல்ல ஆட்டினால் சின்னவன் சீக்கிரம் அடங்குவான், உங்கள் கால் மரத்துப்போகும். கழுத்திலும் கைகளிலும் ஈரத் துணியால் ஒற்றிவிட்டு விசிறினால் வியர்வை காய்ந்து தூக்கம் வரும்.

சரியாக இருவரும் கண்ணை மூடிய பிறகுதான் கரண்ட் வரும். தெருவே சேர்ந்து "ஏய்ய்" என்று கத்தும், சின்னவன் துள்ளி எழுவான். அதற்கு மட்டும் என்னிடம் எந்த வழியும் இல்லை.